இருக்கக் கூடாத இடத்தில் சூடு

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால், வலது பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடியுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் தாண்டி எண்ணூர் வந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். கழிமுகத்துப் பாலத்தைக் கடந்ததும் கிழக்கே பாருங்கள். வானத்தை முட்டிக்கொண்டு புகைபோக்கிகள் நிற்கும். அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையம் அது. பக்கத்திலேயே வல்லூர் அனல் மின் நிலையமும் உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது? ஒடிசாவிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி எரிகிறது. தண்ணீர் கொதிக்கிறது. நீராவி 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறிப் பாய்ந்து டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் சுழன்றால் ஜெனரேட்டர் சுழலும். கரண்ட் பிறக்கும். அப்படிப் பல ஊர்களில் பிறந்த கரண்ட் எல்லாம் ஒரே வலையில் சேர்ந்து, அதில் ஒரு பங்கு 25,000 வோல்ட்டாக உங்கள் வண்டியின் தலைக்கு மேலே போகும் கம்பிக்கு வருகிறது.

இந்தப் பக்கத்து மக்களுக்கு நீராவி பழைய சொந்தக்காரர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது. அந்தப் பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. அன்றைக்கே இன்னொரு ரயில் திருவள்ளூர் வரை ஓடியது. அப்போது அடுப்பு, கொதிகலன், தண்ணீர்த் தொட்டி, கரி எல்லாமே எஞ்சினோடு சேர்ந்து ஊர்ந்தன. 1979இல் கும்மிடிப்பூண்டிப் பாதைக்கும் திருவள்ளூர்ப் பாதைக்கும் மின்கம்பி வந்தது. கொதிகலன் வண்டியை விட்டு இறங்கிவிட்டது. இறங்கி எங்கே போனது? அத்திப்பட்டில் போய் உட்கார்ந்துகொண்டது!

சரி, ஒரு குறும்புக் கேள்வி. நீராவியில் பிறந்த கரண்டைக் கொண்டுபோய் மறுபடியும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில் ஒரு ரயில் ஓட்டினால்?

"யாராவது அப்படிச் செய்வார்களா?" என்றுதானே கேட்கிறீர்கள். செய்திருக்கிறார்கள். ஒருவர் விளையாட்டுக்குச் செய்தார். இன்னொருவர் வேறு வழியில்லாமல் செய்தார். முதலில் விளையாட்டு.

மேசை மேல் ஒரு நீராவி எஞ்சின்

இங்கிலாந்தில் ஹார்ன்பி என்ற பொம்மை ரயில் நிறுவனம் இருக்கிறது. 2003இல் அது ஒரு சின்ன நீராவி எஞ்சினை வெளியிட்டது. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள அகலம் வெறும் 16.5 மில்லிமீட்டர். உங்கள் கட்டைவிரல் அகலம்தான். நிஜ எஞ்சினை 76 மடங்கு சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நீராவி எஞ்சின்களில் உலகிலேயே வேகமாக ஓடியது 'மல்லார்ட்'. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதன் குட்டி உருவம்தான் இந்தப் பொம்மை.

கடையில் கிடைக்கும் மற்ற பொம்மை ரயில்களில் உள்ளே மோட்டார் இருக்கும். இதில் ஓட்டுவதற்கு மோட்டார் கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் வண்டிக்குள் ஒரு குட்டிக் கொதிகலன். அதற்குள் ஹீட்டர். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளும் கரண்டைக் கொண்டுவருகின்றன. சக்கரங்கள் அதை வாங்கி ஹீட்டருக்குக் கொடுக்கின்றன. தண்ணீர் கொதித்து, நீராவி குழாய் வழியாக முன்னே போய், சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளுகிறது. குப்... குப்... குப்... நிஜமான நீராவி, நிஜமான சத்தம், நிஜமான சூடு!

இதற்குத் தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழ 100 வாட். மின்னழுத்தம் 17 வோல்ட் வரை. 100ஐ 17ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 6 ஆம்பியர். மோட்டார் வைத்த பொம்மை ரயிலுக்கு அரை ஆம்பியர் இருந்தால் போதும். இதற்குப் பன்னிரண்டு மடங்கு!

இந்த 6 ஆம்பியரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் பின்னால் அதன் மேல்தான் ஏறிக்கொண்டு வரப்போகிறான்.

அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு. கொதிகலனில் 2 டீஸ்பூன் தண்ணீர், அதாவது 10 கிராம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 2,900 ஜூல் வேண்டும். 100 வாட் என்றால் நொடிக்கு 100 ஜூல். ஆக, 29 நொடியில் கொதி வந்துவிடும். ஆனால் கொதித்த நீர் முழுவதும் நீராவியாக மாற இன்னும் 22,600 ஜூல் வேண்டும். கிட்டத்தட்ட 4 நிமிடம். தண்ணீரைச் சூடாக்குவது எளிது. அதை நீராவி ஆக்குவதுதான் பெரிய வேலை. சோறு வைக்கும்போது உலை சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தத் தண்ணீர் வற்றுவதற்கு எவ்வளவு நேரமாகிறது? அதே கதைதான்.

எஞ்சின் நகரவில்லை!

அப்படி ஓர் எஞ்சின் நம் மேசை மேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். பிளக்கைச் செருகியாயிற்று. சுவிட்ச் போட்டாயிற்று. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். லேசாக ஆவி எட்டிப் பார்க்கிறது. எஞ்சின் ஒரு முக்கல் முக்குகிறது. அவ்வளவுதான். நகரவில்லை.

மல்ட்டிமீட்டரை எடுத்து பவர் சப்ளைப் பெட்டியின் வாயில் வைத்துப் பார்க்கிறோம். 17 வோல்ட். எஞ்சினைத் தூக்கிவிட்டு, தண்டவாளத்தில் வைத்துப் பார்க்கிறோம். அங்கேயும் 17 வோல்ட்! கரண்ட் சரியாகத்தானே வருகிறது? அப்படியானால் எஞ்சின்தான் கெட்டுவிட்டதோ?

இந்த இடத்தில் அவசரப்பட்டு எஞ்சினைக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். நாம் கழற்ற வேண்டாம். நம் வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம்.

ஃபேன் ஓடவில்லை. அம்மா வயர்மேனைக் கூப்பிடுகிறார். "அண்ணே, டெஸ்டர்ல எரியுது. ஆனா ஃபேன்தான் ஓடல." வயர்மேன் சிரித்துக்கொண்டே, "கரண்ட் வருதும்மா, இழுக்கலை. லோடு கொடுத்துப் பாக்கணும்" என்கிறார். பையிலிருந்து ஒயர் கட்டிய ஒரு குண்டு பல்பை எடுத்து மாட்டிப் பார்க்கிறார். பல்ப் அழுது வடிகிறது. "லூஸ் காண்டாக்ட்!"

டெஸ்டர் எரிய மிக மிகச் சிறிய மின்னோட்டம் போதும். அந்தச் சிட்டிகை கரண்ட் எந்த ஓட்டை உடைசல் வழியாகவும் வந்துவிடும். பல்ப் எரிய வேண்டுமென்றால் நல்ல மின்னோட்டம் வேண்டும். வழி நன்றாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் பாசி அடைத்திருக்கிறது. தண்ணீரைத் திறக்காமல் இருக்கும்வரை குழாயின் வாயில் முழு அழுத்தமும் இருக்கும். திறந்ததும் நூல் மாதிரி ஒழுகும். திறந்த பிறகுதானே அடைப்பு தெரிகிறது? சும்மா இருக்கும்போது அளந்த 17 வோல்ட்டும் இப்படித்தான். பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

ஆக, துப்பறியும் முதல் விதி: லோடு கொடுத்துப் பார்!

ஒரே ஓர் ஓம்

இப்போது வில்லனைப் பிடிப்போம். பெயர், மின்தடை. அளவு, வெறும் 1 ஓம்.

நம் எஞ்சினின் ஹீட்டர் 17 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கிறது. அதன் மின்தடை என்ன? 17ஐ 6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.8 ஓம். வழியில் எங்கோ, துருப்பிடித்த ஓர் இணைப்பில் 1 ஓம் புகுந்துவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 3.8 ஓம். மின்னோட்டம் 4.5 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். ஹீட்டருக்குக் கிடைப்பது சுமார் 12.5 வோல்ட். அங்கே பிறக்கும் சூடு எவ்வளவு? 100 வாட்டுக்குப் பதில் ஏறத்தாழ 56 வாட்! மின்னழுத்தம் கால்வாசிதான் குறைந்தது, சூடு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஏனென்றால் வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. இரண்டையும் பெருக்கித்தானே வாட்?

பாதிச் சூட்டில் பாதி நீராவியாவது வருமா? அதுவும் வராது. கொதிகலனின் உடம்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு எந்நேரமும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவு குறையாது. சம்பளம் பாதியானாலும் வீட்டு வாடகை குறையாது இல்லையா? அதுபோல. வாடகை போக மிச்சமிருப்பதுதான் நீராவிக்கு. அதனால்தான் எஞ்சின் முக்கிவிட்டு நின்றுவிட்டது.

இதே 1 ஓம், மோட்டார் பொம்மை ரயிலின் வழியில் புகுந்தால்? அங்கே ஓடுவது அரை ஆம்பியர். அரை வோல்ட் மட்டும் குறையும். 12 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் அந்த ரயில் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. "போன வாரம் இதே தண்டவாளத்தில் வேறு ரயில் நன்றாகத்தானே ஓடியது?" என்று நாம் ஏமாறுவது இங்கேதான். தண்டவாளம் அரை ஆம்பியருக்கு நல்லது. 6 ஆம்பியருக்கு ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 1 ஓம் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? அங்கேயும் சூடு பிறக்கிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 20 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் கையில் வைத்திருக்கும் சின்னச் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! கொதிகலனுக்குப் போக வேண்டிய சூட்டை வழியிலேயே ஒருவன் திருடி, அங்கேயே அடுப்பு மூட்டிக் குளிர்காய்கிறான்.

திருடன் தன் அடையாளத்தைத் தானே விட்டுவிட்டான், பார்த்தீர்களா? இரண்டாம் விதி: சூடு இருக்க வேண்டிய இடத்தில் குறைந்தால், இருக்கக் கூடாத இடத்தில் தேடு!

சுவரிலிருந்து கொதிகலன் வரை

இனி வரிசையாக நடப்போம். பெரியவர் துணையோடுதான். 230 வோல்ட் இருக்கும் சுவர்ப் பக்கத்தையும், பவர் சப்ளைப் பெட்டியின் உள்ளேயும் நாம் தொடவே கூடாது. சூடான கொதிகலன், நீராவி வரும் வாய் இரண்டும் கையைச் சுட்டுவிடும்.

முதலில் கொதிகலன். தண்ணீர் இருக்கிறதா? வற்றிய கொதிகலனில் ஹீட்டரைப் போட்டால் அது கருகிவிடும். என்ன தண்ணீர் ஊற்றினோம்? மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், பல கிணறுகளில் கடல்நீர் புகுந்து தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஹீட்டர் மேல் வெள்ளையாக உப்புப் படியும். கெட்டிலின் உள்ளே பார்த்திருப்பீர்களே, அதே படிவு. அது ஹீட்டருக்குக் கம்பளி போர்த்தின மாதிரி. சூடு தண்ணீருக்குப் போகாது. அதனால்தான் இந்த எஞ்சின்களுக்கு வாலைவடி நீர் ஊற்றுகிறார்கள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரிலிருந்து உப்பை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

அடுத்து, சுவர். சாயங்காலம் தெருவில் எல்லோரும் மோட்டார் போடும்போது வீட்டுக்கு 230க்குப் பதில் 180 வோல்ட் வருகிறதா? பழைய வகை டிரான்ஸ்பார்மர் பெட்டி என்றால் அந்தக் குறை அப்படியே மறுபக்கமும் போகும். 17 வோல்ட் 13 ஆகிவிடும். சூடு 60 வாட்டுக்கு இறங்கிவிடும்.

அடுத்து, பெட்டி. மோட்டார் ரயிலோடு வந்த 20 வாட் பெட்டியை யாராவது இதற்கு மாட்டிவிட்டார்களா? மாட்டுவண்டிக் காளையை லாரியில் பூட்டின கதைதான். பெட்டி சூடாகி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும். ஆறினதும் திரும்ப வரும். கொஞ்ச நேரம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது என்றால் சந்தேகம் பெட்டியின் மேல்தான்.

அடுத்து, ஒயர். எலக்ட்ரிக் கடையில் "ஒண்ணரை ஸ்கொயர்", "ரெண்டரை ஸ்கொயர்" என்று கேட்பார்கள். செம்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு அது, சதுர மில்லிமீட்டரில். பெட்டியிலிருந்து தண்டவாளம் வரை 3 மீட்டர் என்றால், போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர் ஒயர். முடி போன்ற 0.2 ஸ்கொயர் ஒயர் போட்டால் அதுவே அரை ஓம். ஒண்ணரை ஸ்கொயர் போட்டால் 0.07 ஓம்தான். ஒயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் திருடன் அங்கே இருக்கிறான்.

அடுத்து, தண்டவாளத் துண்டுகள் சேரும் இடம். நிஜ ரயிலில் ஃபிஷ் பிளேட் என்பார்களே, அதைப் போலச் சின்னத் தகடு ஒவ்வொரு மூட்டிலும் இருக்கும். கொஞ்சம் தளர்ந்தாலும், கொஞ்சம் களிம்பு ஏறினாலும் மூட்டுக்கு மூட்டு 0.05 ஓம், 0.1 ஓம் என்று சேரும். பத்து மூட்டில் ஓர் ஓம் வரை ஆகிவிடும். வட்டத்தின் ஒரு பக்கம் வேகமாகவும், எதிர்ப்பக்கம் தள்ளாடியும் எஞ்சின் போனால் இதுதான் காரணம். மருந்து எளிது. மூட்டுகளைத் தாண்டி, தண்டவாளத்தின் வேறு சில இடங்களுக்கும் நேராகத் தடித்த ஒயர் கொடுத்துவிடுவது. நிஜ ரயில்வேயும் 25,000 வோல்ட்டை ஒரே முனையில் கொடுத்துவிட்டுக் கன்னியாகுமரி வரை போகட்டும் என்று விடுவதில்லை. வழி நெடுகத் துணை மின் நிலையங்கள் வைத்திருக்கிறது.

கடைசியாக, தண்டவாளத்தின் மேற்பரப்பும் சக்கரமும். இங்கே ஒரு வேடிக்கை. நீராவி எஞ்சினின் சிலிண்டருக்கு எண்ணெய் வேண்டும். வெளியேறும் நீராவியோடு அந்த எண்ணெய் பொடிப்பொடித் துளியாகத் தெறித்துத் தண்டவாளத்தில் படிகிறது. எண்ணெய் கரண்டைக் கடத்தாது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சின்னச் சின்னப் பொறி பறக்கிறது. எண்ணெய் கருகிக் கறுப்பாக ஒட்டிக்கொள்கிறது. அதாவது, எஞ்சின் ஓட ஓடத் தன் சாப்பாட்டு வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது! கரண்டை நிறுத்தி, எல்லாம் ஆறிய பிறகு, சுத்தமான துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்தாலே பாதி வியாதி போய்விடும். அதே தண்டவாளம் வழியாகத்தான் ஓட்டுபவரின் கட்டளையும் போகிறது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கித்தான் "வால்வைத் திற, மூடு" என்று எஞ்சினுக்குச் சொல்கிறார்கள். அழுக்குத் தண்டவாளத்தில் பசியும் தீராது, பேச்சும் கேட்காது.

எது திருடன் என்று உறுதி செய்ய வேண்டுமா? எஞ்சின் தண்டவாளத்தில் நின்று கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பெரியவர் மல்ட்டிமீட்டரால் மூன்று இடங்களில் அளக்கட்டும். பெட்டியின் வாயில், ஒயர் தண்டவாளத்தில் சேரும் இடத்தில், எஞ்சின் நிற்கும் இடத்தில். 17, 16.5, 12.5 என்று வந்தால்? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, தண்டவாளத்தில்தான் கொள்ளை. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை, கண்டுபிடித்தாயிற்று!

ஒரு குறுக்குவழி மட்டும் வேண்டாம். "குறைகிறதா? பெட்டியில் வோல்ட்டைக் கூட்டிவிடுவோம்" என்று தோன்றும். கூட்டினால் திருடனுக்கும் கூடுதல் கூலி. இணைப்பு இன்னும் சூடாகும். சூடானால் களிம்பு கூடும், களிம்பு கூடினால் மின்தடை கூடும், இன்னும் சூடாகும். என்றாவது சக்கரம் சுத்தமான இடத்துக்கு வந்துவிட்டால், கூட்டி வைத்த வோல்ட் மொத்தமும் ஹீட்டர் மேல் பாய்ந்து அதை எரித்துவிடும்.

ஏன் 17 வோல்ட்? ஏன் 25,000 வோல்ட்?

ஒரு புத்திசாலித் தங்கை கேட்கலாம்: "6 ஆம்பியர்தானே இத்தனை தொல்லைக்கும் காரணம்? 230 வோல்ட்டையே தண்டவாளத்தில் கொடுத்தால் அரை ஆம்பியர்கூட வேண்டாமே?"

கணக்கு சரி, கண்ணே. ஆனால் அந்தத் தண்டவாளத்தை ஒரு குழந்தை தொட்டால்? உயிர் போய்விடும். கை படும் இடம் என்பதால் வோல்ட்டைக் குறைத்தார்கள். வோல்ட்டைக் குறைத்ததால் ஆம்பியர் கூடியது. ஆம்பியர் கூடியதால் சின்ன அழுக்குகூடப் பெரிய திருடனாகிவிட்டது. நிஜ ரயிலில் கை எட்டாத உயரத்தில் கம்பி இருக்கிறது. அதனால் 25,000 வோல்ட் தைரியமாகக் கொடுக்கலாம். 1,000 கிலோவாட் இழுக்கும் வண்டிக்கும் 40 ஆம்பியர் போதும். அதையே 17 வோல்ட்டில் கொடுக்கப் பார்த்தால் கிட்டத்தட்ட 59,000 ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்க எவ்வளவு தடித்த கம்பி வேண்டுமென்று நினைத்துப் பாருங்கள்!

எல்லோரும் எட்டி நிற்கும் இடத்தில் வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு. அத்திப்பட்டிலிருந்து புறப்படும் பெரிய கோபுரக் கம்பிகளில் லட்சக்கணக்கான வோல்ட் போவதும் இதனால்தான்.

வேறு வழியில்லாமல் செய்தவர்கள்

வேறு வழியில்லாமல் ஒருவர் செய்தார் என்றேனே, அவர்கள் சுவிட்சர்லாந்து ரயில்வேக்காரர்கள். இரண்டாம் உலகப் போர் நேரம். அந்த நாட்டில் நிலக்கரி மிகக் குறைவு. வெளியிலிருந்து வருவதும் சுருங்கிவிட்டது. ஆனால் மலையருவிகளில் பிறக்கும் மின்சாரம் நிறைய இருந்தது, ரயில் பாதைகளின் மேலே 15,000 வோல்ட் கம்பியும் இருந்தது. 1942, 1943 காலத்தில் பெட்டிகளை இழுத்து வரிசைப்படுத்தும் இரண்டு சின்ன நீராவி எஞ்சின்களின் கூரையில், கம்பியைத் தொடும் பாண்டோகிராப் சட்டத்தை மாட்டினார்கள். கூடவே டிரான்ஸ்பார்மரையும் ஹீட்டரையும் வைத்தார்கள். கரி இல்லாமல், புகை இல்லாமல் கொதிகலன் கொதித்தது. கம்பி இல்லாத சரக்குக் கிடங்குக்குள்ளும், சேர்த்து வைத்த நீராவியைக் கொண்டு கொஞ்ச நேரம் ஓட முடிந்தது.

கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் சிக்கனமான வழியல்ல. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை மறுபடி நீராவியாக்கி, குட்டி எஞ்சினில் ஓட்டினால் அதிலும் மிகச் சிறிய பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மின்மோட்டார் வைத்தால் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகும். அதனால்தான் உங்கள் கும்மிடிப்பூண்டி வண்டியில் மோட்டார் இருக்கிறது, கொதிகலன் இல்லை.

நீராவி அழகுக்காக ஓடுவதும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினை நம் பெரம்பூர் லோகோ பணிமனையில் புதுப்பித்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை புகை விட்டுக்கொண்டு ஓடியது.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய டார்ச்சின் குண்டு பல்ப் ஒன்று, சிறிய வெள்ளை எல்.இ.டி. ஒன்று, இரண்டு பென்டார்ச் செல், கொஞ்சம் ஒயர், மரம் நீக்கிய ஒரு முழுப் பென்சில் கரி. இவ்வளவு போதும்.

இரண்டு செல்லையும் வரிசையாக வைத்து முதலில் பல்பை எரியவிடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்து வையுங்கள். அடுத்து, ஒயரின் நடுவே பென்சில் கரியைச் சேருங்கள். கரண்ட் கரியின் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும். பல்ப் மங்கும். இப்போது பல்புக்குப் பதில் எல்.இ.டி.யை மாட்டி, கரியோடும் கரியில்லாமலும் பாருங்கள். அவ்வளவாக மங்காது. கரி ஒன்றுதான், மின்தடை ஒன்றுதான். அதிகம் இழுக்கும் பல்ப் நீராவி எஞ்சின் மாதிரி. கொஞ்சம் இழுக்கும் எல்.இ.டி. மோட்டார் ரயில் மாதிரி. நடுவே எதையும் மாட்டாமல், செல்லின் இரு முனைகளையும் ஒயரால் நேராகச் சேர்த்துவிடாதீர்கள். செல் சூடாகிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் மின்பராமரிப்பு வேலை பார்ப்பவர்களும் நம் இரண்டாம் விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். கொரோனா காலத்தில் வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கி நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அதே ஜாதிக் கருவியால் பேனலுக்குள் ஒவ்வொரு இணைப்பையும் தொடாமலே பார்ப்பார்கள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்ப்பார்கள். நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தால் எல்லா இணைப்பும் நல்ல பிள்ளையாகவே இருக்கும். ஓடும்போது பக்கத்து இணைப்பைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால், அதற்குக் காய்ச்சல்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் ஒரு வேலை. இஸ்திரிப்பெட்டியோ தண்ணீர் ஹீட்டரோ இருக்கும். இரண்டும் நிறைய ஆம்பியர் இழுப்பவை. அம்மாவையோ அப்பாவையோ சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று ஊசிகளில் ஏதாவது ஒன்று கறுத்திருக்கிறதா?

கறுத்திருந்தால், "பிளக் பழசாயிடுச்சு" என்று அவர்கள் சொல்வார்கள். அது மட்டும் காரணமில்லை என்று உங்களுக்குத் தெரியும். சட்டைக்குப் போக வேண்டிய சூட்டை அந்த ஊசியில் ஒருவன் தினமும் திருடிக்கொண்டிருக்கிறான். வயர்மேன் அண்ணனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.